பிடியரிசிக் கலயம்

சுசீந்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கித் தேரூருக்கு நடந்தே போயிருக்கிறோமே, நினைவிருக்கிறதா? மினி பஸ் வருவதற்கு முந்தின காலம். குளத்தங்கரையில் ஏறினால் ஒரு பக்கம் தாமரை, மறுபக்கம் வயல். கும்பப்பூ நெல் பால் பிடிக்கிற நாளென்றால் காற்றிலேயே ஒரு பச்சை வாசம் இருக்கும். கூழைக்கடா தண்ணீரில் வந்து இறங்கும் சத்தத்துக்கு நீங்கள் ஒருமுறை திடுக்கிட்டுச் செருப்பைச் சேற்றில் விட்டீர்கள். அந்தக் குளத்துக்கு 2022இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்து, சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் என்று உலகப் பட்டியலில் ஏறிவிட்டது. அன்றைக்கு அது நாம் குளிக்கிற, மாடு கழுவுகிற, தாமரைத் தண்டை உறிஞ்சித் துப்புகிற குளம். கரையிறங்கித் தெருமுனை திரும்பியதும் காதில் விழுகிற முதல் குரல் எங்கள் ஆச்சியுடையது.

"ஆரு போறது? செத்த நின்னு தண்ணி குடிச்சிட்டுப் போலாம்."

போகிறவர் யாரென்று தெரிந்துகொண்டு கேட்கிற கேள்வி இல்லை அது. காலடிச் சத்தம் கேட்டால் போதும். மயிலாடிப் பக்கம் சந்தைக்குப் போகிறவர், தோவாளையிலிருந்து பூக்கூடையோடு திரும்புகிறவர், வெறுமனே வெயிலில் போகிறவர் எல்லோரும் எங்கள் கிணற்றடியில் ஒரு நிமிஷம் நின்றிருப்பார்கள். கிணறு வீட்டுக்குள் இல்லை, தெருவை ஒட்டி இருந்தது. பாட்டா மதில் கட்டக் கொத்தனாரைக் கூப்பிட்டபோது கிணறு உள்ளே வரவேண்டும் என்று கயிறு பிடித்துவிட்டார். ஆச்சி சண்டை போடவில்லை. "அப்போ என்னையும் வெளிய விட்டுட்டுக் கெட்டுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். மதில் கிணற்றுக்கு இந்தப் பக்கமாக வளைந்து போனது. அந்த வளைவைப் பார்த்து அளவு தெரியாத கொத்தன் என்று சிரித்தவர்கள் உண்டு. கிணற்றடியில் மயிலாடிக் கல்லில் கொத்திய ஒரு தொட்டி. மாடு, ஆடு, வில்வண்டிக் காளை எல்லாவற்றுக்கும் அதில்தான் தண்ணீர். கப்பி கிறீச்சிடும் சத்தம் விடியற்காலை நாலரைக்குத் தொடங்கும். ஆச்சி அதற்கு எண்ணெய் போட விடமாட்டாள். ராத்திரி யாராவது தண்ணீர் கோரினால் தனக்குத் தெரிய வேண்டும் என்பாள். அகாலத்தில் தண்ணீர் கோருகிற வீட்டில் ஏதோ சுகமில்லை என்று அர்த்தம்.

ஆச்சிக்கு வயது கேட்டால் கொல்லம் ஆண்டில்தான் பதில் வரும். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளத்தின்போது கைக்குழந்தையாம். கொல்லம் 1099, நம் கணக்கில் 1924. திருவிதாங்கூரில் அந்தத் தலைமுறை முழுக்க அந்த வெள்ளத்தை வைத்துத்தான் வயதை எண்ணியது. காசுக் கணக்கும் அப்படியே. நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். சக்கரம் செல்லாமல் போய் எத்தனையோ வருஷம் கழிந்தும் கீரைக்காரியிடம் பணக்கணக்கில்தான் பேரம். கீரைக்காரியும் அதே வயசுக்காரி, அதனால் வியாபாரம் நடந்தது.

உள்ளே வாருங்கள். நடை ஏறினால் தார்சா, அப்புறம் அரங்கு, அதன் இருட்டில் பத்தாயம். மாசியில் கும்பப்பூ அறுப்பு முடிந்து சூடடிப்பும் ஓய்ந்ததும் பின்முற்றத்தில் நெல் அவிப்பார்கள். பெரிய செம்பு அண்டாவில் நெல், அடியில் கதம்பையும் சிரட்டையும் எரியும். அந்த ஆவியின் வாசம் இருக்கிறதே, ஈரமும் உமியும் புகையும் கலந்த வாசம், அது வீட்டுத் துணிமணியில் இரண்டு நாள் நிற்கும். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் முகர்ந்து பார்த்து "இன்னைக்கு ஒங்க வீட்டுல நெல்லவிச்சாளா" என்று கேட்பான். பேச்சிப்பாறைத் தண்ணீரின் புண்ணியம் என்று பாட்டா அடிக்கடி சொல்வார். 1906இல் அந்த அணையைக் கட்டி முடித்த மிஞ்சின் துரையின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பாட்டா ஒருமுறை அங்கே போய்ச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார்.

பத்தாயத்தின் கால்மாட்டில் ஒரு மண் கலயம். சட்டி மூடி, அதன்மேல் ஒரு சிரட்டை. தினமும் உலைக்கு அரிசி அளக்கும்போது நாழியில் அளந்து சுளவில் கொட்டி, அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து ஆச்சி அந்தக் கலயத்தில் போடுவாள். வாயில் ஏதோ முனகல். சாமி பேர் என்று நான் நினைத்திருந்தேன். அது வீட்டுப் பேர்களாம், எந்தெந்த வீட்டில் இந்த மாசம் முடை என்ற பட்டியல். பிடியரிசி நம் மாவட்டத்தில் புதுசு ஒன்றுமில்லை. கோயிலுக்கென்று எடுத்தவர்கள் உண்டு, சர்ச்சுக்கு எடுத்த வீடுகள் ஏராளம். ஆச்சியின் கலயம் எந்தச் சாமிக்கும் போகவில்லை.

அது தொடங்கிய கதையை ஒரு ஆடி மழையில், மரச்சீனிக் கிழங்கு அவியும் வாசனையில் சொன்னாள். 1942இல் பர்மாவை ஜப்பான்காரன் பிடித்தான். அதுவரை திருவிதாங்கூர் பர்மா அரிசியை நம்பி வாழ்ந்தது. கப்பல் நின்றதும் சமஸ்தானம் முழுக்கப் பசி. நாஞ்சில் நாடு சமஸ்தானத்தின் நெல்லறை. விளைந்ததை சர்க்கார் அளந்து கொண்டுபோனது. ஆச்சிக்கு அப்போது பதினெட்டு வயசு, கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம். பத்தாயம் உள்ள வீட்டிலேயே ஒருவேளை மரச்சீனிதான். மாமியார் அரிசியை எண்ணிப் போடுகிறவர். அந்த அரிசியில் ஒரு பிடியைத் திருடித்தான் கலயம் தொடங்கியது. ஆமாம், திருடித்தான். "மாமிக்குத் தெரியும் மக்கா. தெரிஞ்சும் கேக்கல. பொறவு ஒருநா, 'கலயம் சின்னதாட்டு இருக்கே'ன்னா."

கொடுக்கிற விதத்தில்தான் அவளுடைய சாமர்த்தியம். முன்வாசலில் யாருக்கும் ஒருமணி கொடுத்ததில்லை. சுளவில் அரை மரக்கால் அரிசியைப் போட்டு, என்னைப் பின்வாசல் வழியாக இன்ன வீட்டுக்கு அனுப்புவாள். சொல்லவேண்டிய வாசகம் மனப்பாடம்: "ஆச்சிக்குக் கண்ணு தெரியலியாம், கல்லு பொறுக்கித் தரச் சொன்னா. பாதிய நீங்க வச்சிக்கிடணுமாம், கூலிக்கு." அரிசியில் கல்லே இருக்காது. போகும்போது நான் பார்ப்பேன், வெள்ளைவெளேரென்று புடைத்த அரிசி. அந்த வீட்டம்மா வாங்கிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, பாதியைச் சுளவில் திருப்பித் தருவாள். திரும்பி வந்த அரிசியில் ஆச்சி இரண்டு கல்லைத் தேடிப் போட்டு, "பாரு, எவ்வளவு இருந்திருக்கு" என்பாள், என்னிடம். எனக்காகக்கூட அந்த நாடகத்தைக் கலைக்கமாட்டாள்.

பாத்திரக் கணக்கு அடுக்களைச் சுவரில். ஊரில் கல்யாணம், சடங்கு, கொடை எதுவென்றாலும் நிலவாய், உருளி, சருவம், சிப்பல் எல்லாம் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். ஆச்சிக்கு எழுத்து தெரியாது. கரித்துண்டால் சுவரில் கோடு. உருளிக்கு வட்டம், நிலவாய்க்கு வட்டத்துக்குள் புள்ளி. கைமாற்றுப் போன எண்ணெய், கருப்பட்டி, பேறுகால மருந்து எல்லாம் அந்தச் சுவரில் உண்டு. தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பாத்திரங்கள் திரும்பி வந்துவிட்டனவா என்று மட்டும் பார்ப்பாள். மற்றக் கோடுகளின்மேல் சுண்ணாம்பு ஏறிவிடும். "இனி அடுத்த வருசக் கணக்கு" என்று மட்டையைக் கொத்தனிடம் கொடுத்துவிடுவாள்.

இப்படி ஒருத்தி எப்படி உருவானாள் என்று சித்தப்பாவிடம் கேட்டேன் ஒருநாள். அவர் கவிமணியைச் சொன்னார். தேரூர்க்காரருக்கு எதைக் கேட்டாலும் கவிமணியில்தான் முடியும், 1876இல் இங்கே பிறந்த மனுஷர் அல்லவா. ஆனால் அன்று சித்தப்பா சொன்னதில் விஷயம் இருந்தது. கவிமணி 'மருமக்கள் வழி மான்மியம்' எழுதிக் கேலி செய்த அந்த வழிமுறையில் சொத்து மகனுக்கு இல்லை, சகோதரி மகனுக்கு. புருஷன் செத்தால் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு உகந்துடைமை, நங்குடைமை என்று ஏதோ கொஞ்சம் கிடைத்தால் உண்டு. அதற்கும் குடும்பத் தலைவரான காரணவர் மனசு வைக்கவேண்டும். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்துதான் அது மாறியது. அதற்கு முன்னால், ஆச்சியின் ஆச்சி பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நாலு பிள்ளைகளோடு புருஷன் வீட்டுப் படியிறங்கினவள். இலை எடுத்த ஈரம் காயாத முற்றம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால்தான் இவளுடைய கை இப்படி நீண்டதா? சித்தப்பா அப்படித்தான் நினைக்கிறார். எனக்கு முழுச் சம்மதமில்லை. அதே கதையைக் கேட்டு வளர்ந்த ஆச்சியின் அக்காள் உப்புக்கூட இரவல் தரமாட்டாள்.

பேறுகால விஷயம் தனி. ஆச்சி மருத்துவச்சி அல்ல. அதற்கு வேறு ஒருத்தி இருந்தாள். ஆச்சி தலைமாட்டில் இருக்கிறவள். எந்த வீட்டில் நோவு கண்டாலும் ஆள் வரும். இவள் பாம்படம் ஆட எழுந்து, தன் செம்பில் தன் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போவாள். பிள்ளைத்தாய்ச்சியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்ன பேசுவாள் என்று பெண்கள்தான் சொல்லவேண்டும். கெட்ட வார்த்தையும் உண்டாம், புருஷனைத் திட்டச் சொல்லிக் கொடுப்பாளாம். மருத்துவச்சி கையைப் பிசைந்தால் நேரத்தைக் கடத்தமாட்டாள். வண்டியைப் பூட்டச் சொல்லி நாகர்கோவில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரிக்கு விடு என்பாள். ராத்திரியில் அந்த வில்வண்டியின் அடியில் ஆடுகிற அரிக்கன் விளக்கு, குளத்தங்கரையில் ஏறி மறைவதைத் திண்ணையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரி என்றால் அவளுக்குப் பயமில்லாமல் போனதற்குக் காரணம் நெய்யூர். மாமனாருக்கு வயிற்றுப் புண் முற்றி, நெய்யூரில் சாமர்வெல் டாக்டர்தான் அறுத்துப் பிழைக்கவைத்தார். அந்த மனுஷர் 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப் போனவர், மலையை விட்டுவிட்டு இங்கே வந்து மரச்சீனி தின்கிறவர்களின் வயிற்றைத் தைத்தவர் என்பதெல்லாம் நான் பின்னால் படித்தது. ஆச்சிக்கு அவரைப் பற்றித் தெரிந்தது ஒன்றே: "கத்திய எடுக்கதுக்கு முன்ன கண்ண மூடிச் செபம் பண்ணுவாரு. அப்பிடி ஒருத்தன் கையில குடுக்கதுக்கு என்ன பயம்?"

பிள்ளை பிறந்த வீட்டில் அடுத்த நாளிலிருந்து வேது. நொச்சி, புளியிலை, பிலாவிலை, ஆமணக்கிலை எல்லாம் போட்டுச் செம்புப் பானையில் கொதிக்கும். தெருவில் அந்த வாசம் வந்தால் ஆணா பெண்ணா என்று கேட்டுக்கொண்டே போகலாம். பச்சைப் பிள்ளைக்கு உரைமருந்து: சுட்ட வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், ஒவ்வொன்றையும் கல்லில் இரண்டு இழைப்பு, மூன்று இழைப்பு. பிறந்த மூன்றாம் மாசம்வரை அந்தக் குழந்தைகள் ஆச்சிக்குச் சொந்தம். அப்புறம் கண்டுகொள்ளமாட்டாள். 1979இல் நாகர்கோவிலுக்கு முதன்முதலாக ரயில் வந்தபோது ஊரே திரண்டு ஜங்ஷனுக்குப் போனது. திருவனந்தபுரம்வரை இரண்டு மணி நேரம் என்று யாரோ பெருமையாகச் சொல்ல, ஆச்சி கேட்டாள்: "இடையில நோவு கண்டா எங்க எறக்குவாங்க?" பதில் சொல்ல ஆளில்லை.

ஆடிச் செவ்வாய்க்கு நம்மைப் பிடித்து வெளியே தள்ளுவார்களே! ஒளவையாருக்குக் கொழுக்கட்டை. ஆண்வாடை ஆகாது, தொட்டிலில் கிடக்கிற ஆண்பிள்ளைகூட ஆகாது. பிள்ளை வரத்துக்கும் கல்யாண வரத்துக்கும் நடுராத்திரியில் பெண்கள் கூடி, உப்பில்லாத கொழுக்கட்டை அவித்து, கதை சொல்லி, விடிவதற்குள் அவர்களே தின்று முடித்துவிடுவார்கள். 'அசந்தா ஆடி, தப்பினா தை, மறந்தா மாசி' என்று வருஷத்துக்கு மூன்று வாய்ப்பு. பக்கத்து வீட்டுத் திண்ணையில் கொசுக்கடியில் படுத்துக்கொண்டு, பச்சரிசி மாவு வேகும் வாசனையை மட்டும் வாங்கிக்கொண்டு, உள்ளே கேட்கிற சிரிப்பை எண்ணிக்கொண்டிருப்போம். அந்தச் சிரிப்பை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அங்கே கொழுக்கட்டையைவிடப் பெரிய விஷயம் நடந்திருக்கிறது என்று அம்மை பிற்பாடு சொன்னாள். எந்த வீட்டில் அடி விழுகிறது, எவளுக்கு மாதம் தள்ளிப்போகிறது, எவள் கழுத்துச் சங்கிலி அடகில் இருக்கிறது எல்லாம் அந்த ராத்திரியில்தான் ஆச்சியின் காதுக்கு வரும். மறுநாள் காலையில் சுளவு பின்வாசல் வழியாகப் புறப்படும்.

முத்தாரம்மன் கொடைக்குப் பந்தி சமையல். ஆம்பிளைகள்தான் கிண்டுவார்கள், ஆனால் உப்பு ஆச்சியுடையது. அவியலில் தேங்காயும் சீரகமும் அரைத்தது விழுந்து, பச்சைத் தேங்காயெண்ணெய் சுற்றிக் கறிவேப்பிலை கிள்ளிப் போட்டதும் நிலவாய்க்கு நேரே நின்று முகர்ந்து பார்ப்பாள். வாயில் வைக்கமாட்டாள், சாமிக்குப் படைக்கவில்லையே. "எரிசேரிக்கு இன்னும் ஒரு கைப்பிடி" என்றால் ஒரு கைப்பிடிதான். வில்லுப்பாட்டு குடத்தில் தட்டுகிற தாளம் ஒருபக்கம், உருளியில் சிறுபயறுப் பாயசம் கிண்டுகிற மட்டையின் சத்தம் ஒருபக்கம். எல்லோரும் உண்டு எழுந்த பிறகு, இலை எடுக்கிறவர்கள் உண்டார்களா என்று பார்த்த பிறகு, ஆச்சி வீட்டுக்கு வந்து பழையதும் நார்த்தங்காயும் உண்பாள். பந்தியில் உட்கார்ந்து அவள் உண்டு நான் பார்த்ததில்லை. இன்று கொடைக்குக் காண்ட்ராக்ட் சமையல், ருசி குறை சொல்ல முடியாது. நாலரை மணிக்கு வேனில் பாத்திரத்தை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அவளைத் தெய்வமாக்க எனக்கு ஆசையில்லை. நம் ஊர்ப் பெரிய வீடுகளில் நடந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். சுசீந்திரம் கோயிலைச் சுற்றின தெருக்களில் எல்லோரும் நடக்கலாம் என்பதற்கே 1926லும் 1930லும் சத்தியாக்கிரகம் இருக்கவேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12இல் கோயில் பிரவேச விளம்பரம் வந்தபோது ஆச்சிக்குப் பன்னிரண்டு வயசு. கோயிலில் திறந்த கதவு அடுக்களைக்கு வர ரொம்ப நாளானது. எங்கள் பின்முற்றத்தில் அறுப்புக்காரர்களுக்குக் குழி பறித்து இலை வைத்துக் கஞ்சி ஊற்றிய காலம் இருந்தது, ஊற்றியதும் இவள்தான். அப்புறம் தட்டு வந்தது. அப்புறம் நடை வரை வந்தார்கள். யார் வீட்டுக்குப் பேறுகாலத்துக்குப் போனாலும் தன் செம்புத் தண்ணீரைத் தவிர ஆச்சி எதையும் குடிப்பதில்லை என்பதற்கு நாங்கள் ஆசாரம் என்று பேர் வைத்திருந்தோம். அந்த வீட்டுக்காரர்களுக்கு அது வேறுமாதிரிதான் பட்டிருக்கும்.

மார்கழித் திருவிழாவில் அவளுக்குப் பிடித்தது தேர் இல்லை. மூன்றாம் நாள் மக்கள்மார் சந்திப்பு. கோட்டாற்றுப் பிள்ளையாரும் மருங்கூர், குமாரகோயில் முருகன்மாரும் தாய் தகப்பனைப் பார்க்க சுசீந்திரத்துக்கு வந்து சேர்கிற நாள். தேரோட்டம் முடிந்த ராத்திரி சப்தாவர்ணத்தில் பிள்ளைகள் விடைபெற்றுத் திரும்புவார்கள். வாகனங்கள் முன்னும் பின்னுமாகப் போக மனமில்லாமல் அசையும்போது ஆச்சி நேரியலால் கண்ணைத் துடைப்பாள். மகன்கள் ஒருவர் திருவனந்தபுரத்தில், ஒருவர் பம்பாயில். திருவிழாவுக்கு வந்து மறுநாள் பெட்டி கட்டுகிறவர்கள். பிள்ளையாருக்கு அழுகிறாளா, எங்கள் பெரியப்பாவுக்கு அழுகிறாளா என்று யாரும் கேட்பதில்லை.

2004இல் அந்தச் சப்தாவர்ணம் கிறிஸ்துமஸ் ராத்திரியில் வந்தது. மறுநாள் திருவாதிரை, ஞாயிற்றுக்கிழமை. விடிகாலை ஆருத்ரா தரிசனம் முடிந்து வந்து ஆச்சி திண்ணையில் சாய்ந்திருக்கிறாள், எண்பது வயசு. பத்து மணி தாண்டி, கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று சைக்கிளில் ஒருவன் கத்திக்கொண்டு போகிறான். யாரும் நம்பவில்லை. கொஞ்ச நேரத்தில் மணக்குடிப் பக்கமிருந்து ஜனங்கள் நடந்து வருகிறார்கள். கிறிஸ்துமஸ் புதுத்துணி, சேறு, சிலருக்குச் செருப்பில்லை. அழுகைச் சத்தம்கூட இல்லை. பழையாறு கடலில் சேர்கிற அந்தக் கழிமுகத்தில், கீழமணக்குடிக்கும் மேலமணக்குடிக்கும் நடுவே இருந்த பாலமே அலையில் பெயர்ந்து போயிருந்தது.

பள்ளிக்கூடங்கள், கல்யாண மண்டபங்கள், சர்ச்சுகள் எல்லாம் திறந்துவிட்டார்கள். "எத்தன பேரு இருக்கும்?" என்று கேட்டாள் ஆச்சி. தெரியாது என்றேன். "அப்போ பெரிய நிலவாய எறக்கு."

கஞ்சி வைக்கலாம் என்று அம்மை சொன்னதற்குக் கோபம் வந்தது. "சீக்காளிக்குத்தான் கஞ்சி. சோறு வடி. ரசம் வை. பப்படம் பொரி." முதல் உலையில் பிடியரிசிக் கலயம் அப்படியே கவிழ்ந்தது. அது ஒரு மூலைக்குக் காணாது. பத்தாயத்தில் கன்னிப்பூ நெல்லை அவித்துக் குத்தி வைத்திருந்த அரிசி முழுக்க வந்தது. தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்தது, சுளவில் முன்பு அரிசி வாங்கின வீடுகளிலிருந்தும் வந்தது. எதிர்வீட்டு வாழைத்தோட்டத்தில் கேட்காமலே இலை வெட்டினோம். ஆச்சி தானும் ஆட்டோவில் ஏறி, ஜனங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்து, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, உண்ணாதவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து வந்த நாட்களிலும் போனாள்.

அங்கே ஒருத்தி, முப்பது வயசிருக்கும், மாமியாரைத் தேடிக் கிடைக்காதவள். மூலையில் யாரோ வைத்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் எல்லோருக்கும் கட்டன்சாயா போட்டுக்கொண்டிருந்தாள். சும்மா இருக்க முடியவில்லை என்று அந்த வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். ஆச்சியின் முன்னாலும் ஒரு டம்ளரை நீட்டினாள். அம்மை சட்டென்று, "அவங்க வெளிய குடிக்கமாட்டாங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். ஆச்சி கையை நீட்டி, "கொண்டா மக்களே" என்று வாங்கினாள். சூட்டை ஊதி ஊதி முழுவதும் குடித்தாள். "சீனி காணாது" என்றாள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவள் தேரூரைக் கேட்டு விசாரித்து, ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய முந்திரிக்கொத்தோடு வந்து நின்றாள். சிறுபயறு வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் உருட்டி, அரிசிமாவில் முக்கிப் பொரித்தது. ஆச்சிக்கு அப்போது பல் கிடையாது. உரலில் இடித்துக் கொடுக்கச் சொல்லித் தின்றாள்.

ஆச்சி போனது 2009 ஆவணியில், நாகராஜா கோயிலுக்குப் பெண்கள் பாலும் மஞ்சளும் கொண்டு போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிடையில் கிடக்கவில்லை. முந்தின நாள் ராத்திரிகூடக் கலயத்தில் அரிசி போட்டாளா என்று மருமகளிடம் விசாரித்தாள்.

வீட்டை இடித்துக் கட்டினோம். வேறு வழியில்லை, கழுக்கோல் எல்லாம் உளுத்துப் போயிருந்தது. பத்தாயத்தை எர்ணாகுளத்திலிருந்து வந்த ஒரு பழைய சாமான் வியாபாரி நல்ல விலைக்குக் கேட்டார், கொடுத்துவிட்டோம். கலயம் மண்தானே, இடிக்கிற அன்றைக்கே உடைந்தது. புது மதில் நூல் பிடித்தாற்போல் நேராகப் போகிறது, கிணறு உள்ளே வந்துவிட்டது. மேலே காங்கிரீட் மூடி, மோட்டார். தெருவில் நடந்து போகிறவர்களும் குறைந்துவிட்டார்கள், பைக்கில் போகிறவனுக்குத் தண்ணீர் எதற்கு? வயலில் முதலில் வாழை வைத்தார்கள், அப்புறம் தென்னை, அப்புறம் மனைக் கல். பேறுகாலத்துக்கு 108 ஆம்புலன்ஸ் பத்து நிமிஷத்தில் வருகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆச்சி இருந்தால் அந்த டிரைவருக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டிருப்பாள். சித்தி மாசம் பிறந்தால் போனிலேயே ஒரு முதியோர் இல்லத்துக்குப் பணம் அனுப்பிவிடுகிறாள். நல்ல காரியம்தான். எங்கள் தெருக் கடைசி வீட்டில் தனியாக இருந்த கிழவர் நாலு நாள் காய்ச்சலில் கிடந்தது அவருடைய மகன் துபாயிலிருந்து கூப்பிட்டுச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஒக்கி வந்தபோது, 2017 நவம்பர் 30, நீங்கள் ஊரில் இல்லை. மரமெல்லாம் வேரோடு சாய்ந்து, நாள் கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாது, தொட்டியில் இருந்தது மறுநாளே தீர்ந்தது. காலடியில் கிணறு நிறையத் தண்ணீர், மேலே மூடி. கப்பியும் கயிறும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கடப்பாரையால் மூடியை நெம்பி, கொடிக்கயிற்றில் பிளாஸ்டிக் வாளியைக் கட்டி இறக்கினோம். கேட்டைத் திறந்து வைத்ததும் தெருவே குடத்தோடு வந்தது. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்தவர்களின் பேர் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கரண்ட் வந்த மறுநாள் மூடியைத் திரும்பப் பூசிவிட்டார்கள், குழந்தைகள் இருக்கிற வீடு.

கீழமணக்குடியிலிருந்து கிறிஸ்துமஸ் கழிந்தால் முந்திரிக்கொத்து இப்போதும் வருகிறது. அவளுக்கு முட்டுவலி, மகன் பைக்கில் கொண்டுவருகிறான், அதே தூக்கு. வெறும் தூக்கைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அம்மை அதில் அரிசி போட்டு அனுப்புகிறாள், இப்போது அது கடையரிசி. இந்த வருஷம் சுசீந்திரம் திருவிழாவுக்கு வருவதாக இருந்தால் இரண்டு நாள் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். உங்கள் பங்கை எடுத்து வைக்கிறேன், பேரன்மார் கண்ணில் பட்டால் மிஞ்சாது.